மாமியார் வீட்டுப் பை

வாசலில் இரண்டு போலீஸ்காரர்களைக் கண்டதும் லிஃப்ட் மெக்கானிக் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் கைவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பதினாறு வருடமாக அந்தப் பை அந்த ஆணியில் தொங்குகிறது. இரண்டு செட் துணி, துண்டு, பிரஷ், பிரஷர் மாத்திரை, மாற்றுக் கண்ணாடி. சோப்பு காய்ந்து வெடித்தால் புதுச் சோப்பு.

என்ன குற்றம் செய்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அடுத்தவர் பொருளில் ஒரு திருகாணி எடுத்தவரில்லை. ஆனாலும் சைரன் கேட்டால் பை ஆணியில் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். என்றைக்காவது ஒருநாள் தன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள்; அது மட்டும் அவருக்கு நிச்சயம்.

நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதறுகிறவர்களிடம், பயப்படாதீர்கள், ஐந்தே நிமிடம் என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தே தலை நரைத்த மனிதர். தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அது உதவவில்லை.

மனைவி சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டாள். “எங்கம்மா போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சு. இவர் இன்னும் மாமியார் வீட்டுக்கு மூட்டை கட்டிக்கிட்டு இருக்கார்” என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

இப்போது கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நிற்கிறாள். சிரிக்கவில்லை.

அவர் படியிறங்கினார். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தானாகவே ஜீப்பின் பின்பக்கம் ஏறி, ஓரமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

மூத்த போலீஸ்காரர் குழம்பிப்போய்ப் பின்னாலேயே வந்தார்.

“நீங்க எங்க ஏறுறீங்க? நாங்க வந்தது உங்க பையனைத் தேடி. நேத்து சாயங்காலம் ஒருத்தரைக் காரால இடிச்சிட்டு நிக்காமப் போயிருக்கார். நீங்க இறங்குங்க.”

அவர் மூச்சு விட்டார்.

பதினாறு வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு. அப்பாடா என்று வாய்விட்டே வந்துவிட்டது. கண்ணை மூடி, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகுதான், பையன் என்ற சொல் உள்ளே போய்ச் சேர்ந்தது.

இறங்கினார். மகனைக் கூட்டி வந்தார்கள். இருபத்து நான்கு வயது, ஒல்லி உடம்பு, காலில் செருப்புகூட இல்லை. அவர் உட்கார்ந்திருந்த அதே ஓரத்தில் அவனை உட்காரவைத்தார்கள்.

பையை அவனிடம் நீட்டினார். உள்ளே இருக்கும் சட்டைகள் அவனுக்குத் தொளதொளவென்று இருக்கும். பயப்படாதே, ஐந்தே நிமிடம் என்று சொல்ல வாயெடுத்தார். பையின் வாரை மட்டும் சரிசெய்தார்.

அவன் பையை வாங்கிக்கொண்டான். ஜீப் தெருமுனை திரும்பும் வரைக்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அவர் அப்பாடா என்றபோது அவன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான்.