பழுதுக்குச் சமமில்லை

"நம்ம நொட்டை மேடம் இன்னைக்கு என்ன நொட்டை கண்டுபிடிச்சிருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே மேனேஜர் வந்தார்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி அது. ஒவ்வொரு லிஃப்டுக்கும் கம்பெனி விக்கியில், அதாவது எல்லோரும் எழுதும் இணையக் குறிப்பேட்டில், ஒரு பக்கம். சோதித்த மெக்கானிக் 'நிலை' என்ற கட்டத்தில் 'நன்று' அல்லது 'பழுது' என்று போட வேண்டும். விக்கியில் கேள்வி எழுதிப் பட்டியல் எடுப்பது அந்த 'நொட்டை மேட'த்தின் வேலை.

மறுநாள் பழுதில்லாத லிஃப்டுகளுக்குப் பாதுகாப்புச் சான்று போக வேண்டும். மொத்தம் நானூறு லிஃப்ட். 'நிலை, பழுதுக்குச் சமமில்லை' என்று கேட்டதில் முந்நூற்று அறுபதுதான் வந்தது. மீதி நாற்பதுக்குக் கட்டமே காலி. எந்த மெக்கானிக்கும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மேனேஜருக்குச் சுர்ரென்று ஏறியது. காலிக் கட்டம் பழுதுக்குச் சமமா என்று மடக்கினார். இல்லைதானே? அப்படியானால் அதுவும் பட்டியலில் வரத்தானே வேண்டும்? சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்குமே.

"சமமில்லைன்னு சொல்றதுக்கு அங்கே ஏதாவது எழுதியிருக்கணும் சார். 'பழுதுன்னு எழுதல'ங்கிறது வேற கேள்வி. இந்த நாற்பதையும் யாருமே போய்ப் பார்க்கல. அதுல ஒண்ணு குழந்தைகள் ஆஸ்பத்திரி."

அறையே சிரித்தது. ஊரில் இவள் ஒருத்திக்குத்தான் குழந்தைகள்மேல் அக்கறை பாருங்கள்.

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு, நம்பிக்கையைப் பற்றிப் பத்து நிமிஷம் பொழிந்து தள்ளினார். சந்தேகப் பிராணிகளால் எந்தக் கம்பெனியும் உருப்பட்டதில்லையாம். எழுந்திருக்கும்போது, அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் தாள் தன் மேஜையில்தான் இருக்கிறது என்பதையும் போகிற போக்கில் போட்டு வைத்தார். மகா உத்தமர்.

வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். கேள்வியை 'பழுது என்று எழுதாதவை' என்று மாற்றினாள். நானூறும் வந்தது. கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்த நாற்பதை மேனேஜர் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, ஆபீஸ் இருக்கும் ஆறாவது மாடியில் லிஃப்ட் வந்து திறந்தது. கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "வாங்க சார்" என்றாள்.

"நீ போம்மா. டாக்டர் என்னைப் படி இறங்கச் சொல்லியிருக்கார்."

காலையில் இதே லிஃப்டில் ஏறி வந்த மனுஷர்தான். பட்டியலைப் படிப்பதற்கு முன்னால்.

அவளுக்குப் பொறி தட்டியது. லிஃப்டை விட்டுவிட்டு உள்ளே போய்ப் பட்டியலைப் பிரித்தாள். அந்த நாற்பதில் கடைசி வரி, இந்தக் கட்டடம்.

கையெழுத்தோடு சேர்த்துப் பட்டியலைக் கிழித்தாள். கேள்வியைப் பழையபடி எழுதி வைத்தாள். வேலை போனால் போகட்டும். வெளியே வந்து படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். மேனேஜர் மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"பார்த்து இறங்குங்க சார். படியிலயும் பழுதுன்னு யாரும் எழுதி வைக்கல."