செந்தில்நாதன் அங்கிளும் ரெண்டு துளியும்

கட்டாயம் சிரிப்பீர்கள். ஆனால் இப்போது இல்லை. முதலில் செந்தில்நாதன் அங்கிளின் வயிற்றெரிச்சலைக் கேளுங்கோ.

முதுகு அடிபட்ட என் அப்பாவுக்கு டொக்டர் கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுத்தார். நாங்கள் இருக்கிற இந்த வெளிநாட்டில் அது சட்டப்படி மருந்துதான். எடுத்தால் கார் ஓடக்கூடாது. வேலையில் ஃபோர்க்லிஃப்டைத் தொடவும் கூடாது. அதனால் வேர்ஹவுஸில் அப்பாவுக்குக் கதிரையில் இருந்து செய்கிற வேலை. காரில் கொண்டுபோய் இறக்குவது அம்மா.

அதே இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் அங்கிளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"மினிஸ்டர் மாதிரி வந்து இறங்கிறான்! ரெண்டு துளிக்குத் தலை சுத்துமாம். நடிக்கிறான்!"

பென்டில் ஹில் தமிழ்க் கடையில் நின்று எல்லாருக்கும் சொல்லுவார். அந்தக் குரல் எனக்கு அப்படியே அச்சொட்டாக வரும்.

சனிக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டார்.

"பரமேஸ், எனக்கும் முதுகு நோகுது. ரெண்டு துளி தாவன்."

"விசரே உனக்கு? வேலைக்கெல்லோ போறாய்! ஆரையும் இடிச்சுக் கொல்லப் போறியே?"

"ஓமோம், சுகமெல்லாம் உனக்கு மட்டும்தான்!"

அவருடைய கண் மருந்து இருக்கும் குசினிப் பக்கம் போவதைக் கண்டேன். முந்திக்கொண்டு ஓடினேன். மருந்தை ஒளித்தேன். பழைய மருந்துப் போத்தலில் நல்லெண்ணெய் விட்டு மேசையில் வைத்தேன்.

அப்பா போன் கதைக்க வெளியே போனதும் அங்கிள் குசினிக்குள். ரெண்டு துளியா? அரைப் போத்தல்!

பொறுங்கோ, இன்னும் சிரிக்காதேங்கோ.

கொஞ்ச நேரத்தில் அங்கிள் கதிரையில் சரிந்தார்.

"ராகவி... சுவர் ஆடுது பிள்ளை. என்னால கார் ஓடேலாது. அன்ரியைக் கூப்பிடு."

"வேலை, அங்கிள்?"

"வேலையா? எனக்குக் கையெங்க காலெங்க எண்டே தெரியேல்ல!"

அவருடைய மனைவி யோகா அன்ரி பறந்து வந்தா. கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் பின் சீற்றில் ஏற்றினா. மினிஸ்டர் மாதிரி.

பெல்ட் போட்டுவிடக் குனிந்தவ மூக்கைச் சுளித்தா.

"என்னப்பா, வாயெல்லாம் நல்லெண்ணெய் மணக்குது?"

அங்கிள் நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவர், வீடு எல்லாம் ஆடாமல் நின்றன. கார்க் கதவடியில் நின்ற என் பக்கம் மெல்லத் திரும்பினார்.

நான் அவருடைய குரலிலேயே சொன்னேன்:

"ரெண்டு துளிக்குத் தலை சுத்துமாம். நடிக்கிறான்!"