அவளுக்காக ஆங்கிலத்தில்

அவள் ஒத்திகை அறைக் கதவைத் தள்ளியதும் எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள்.

ஒரு நொடி முன்புவரை தீவின் பழைய மொழியான கேலிக்கில்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாட்டை முதலில் வைப்பது என்று சண்டை. அக்கார்டியனைக் கழுத்தில் மாட்டியிருந்த ரோரி அவளைப் பார்த்தான். வாக்கியத்தின் மீதியை ஆங்கிலத்தில் முடித்தான். கட்ரீனாவும் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் சண்டையாவது போடலாம். மரியாதையோடு யார் சண்டை போடுவது?

ஸ்காட்லாந்தின் மேற்கே இருக்கும் இந்தத் தீவில் அதுதான் வழக்கம். கேலிக் பேசாத ஒருவர் உள்ளே வந்தால் அறை முழுவதும் ஆங்கிலத்துக்கு வந்துவிடும். விருந்தாளிக்கு நல்ல நாற்காலியை விட்டுக்கொடுப்பது மாதிரி.

அவள் விருந்தாளி இல்லை. பால்பல் விழுகிற வயதில் இங்கே வந்தவள். அப்பாவுக்குக் கடலில் கூடுகளில் சால்மன் மீன் வளர்க்கும் பண்ணையில் வேலை, அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில். ஊர் எது என்று கேட்டால் அவர்கள் யாழ்ப்பாணம் என்பார்கள். அவள் இந்தத் தீவின் பெயரைச் சொல்வாள்.

பள்ளியில் அவளை ஆங்கிலவழி வகுப்பில்தான் சேர்த்தார்கள். கேலிக்கை அவளாகவே படித்தாள். ரேடியோ கேட்டு. பாட்டுகளை நெட்டுருப்போட்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே பேசி.

சனிக்கிழமை கப்பலேறிப் பெரிய இசை விழாவுக்குப் போகிறார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் கம்பளித் துணியை மேசையில் அடித்துப் பதப்படுத்தும்போது பாடிய பாட்டு ஒன்றை அங்கே பாடப்போகிறார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் திரும்பப் பாட வேண்டும்.

அடியெடுப்பது யார் என்று இன்றைக்குச் சொல்வதாகப் பெக்கி சொல்லியிருந்தாள்.

குழுவை நடத்துகிற பெக்கி தங்கமானவள். உள்ளே வந்தவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், தோளில் கை வைத்து, ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நீதான் நன்றாகப் பாடுகிறாய், கண்ணே. ஆனால் முன்னால் பாடுகிறவளிடம் மேடையிலேயே கேலிக்கில் பேச்சுக் கொடுப்பார்கள். நீ தடுமாறிப்போவாய். கட்ரீனா பாடட்டும். நீ வயலினைப் பார்த்துக்கொள்."

அவளுக்குக் காது சுட்டது.

அறைக்கு நடுவே வந்து நின்றாள். பஸ்ஸில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். கேலிக்கில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"யாருமே என்னோடு பேசாவிட்டால் நான் எப்படிப் பேசப் பழகுவது?"

ரோரி தன் சப்பாத்தைப் பார்த்தான். கட்ரீனா உதட்டைக் கடித்தாள். பெக்கியின் கண் நிறைந்துவிட்டது. ஓடி வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, மன்னித்துவிடு. இனிமேல் கட்டாயம் பேசுகிறோம்" என்றாள்.

ஆங்கிலத்தில்.

யாரும் கவனிக்கவில்லை.

கட்ரீனா அடியெடுக்க, அவள் வயலின் வாசித்தாள். தந்தி அறுந்தால் நன்றாயிருக்கும் என்று வில்லை அழுத்தினாள். அறுந்து தொலையவில்லை.

வீட்டுக்கு நடந்தே போனாள். எதிர்காற்று. வழியை மறித்து ஒரு செம்மறியாடு நின்றது. அதைக் கேலிக்கில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அது மட்டும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டது.

பின்கதவை நெருங்கும்போதே அப்பாவின் குரல் கேட்டது.

"புது சூப்பர்வைசர். ஒரு கால் வள்ளத்தில, மற்றக் கால் மீன் கூட்டில. வள்ளம் மெல்ல மெல்ல விலகுது. மனிசன் ரெண்டையும் விடமாட்டன் எண்டு நிக்கிறான்!"

"ஐயோ, நிப்பாட்டுங்கோ. வயிறு நோகுது எனக்கு!"

அம்மா இப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. மேசையில் தட்டுகிற சத்தம் வேறு. வெளியே நின்ற அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஒரு சொல் விடாமல் விளங்கியது.

கதவைத் திறந்தாள்.

சிரிப்பு நின்றது.

"ஹாய் டார்லிங்" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்தபடி. "பிராக்டிஸ் ஓகே?"

இதை யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அவர்கள் தமிழில் கேட்பார்கள், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எப்போதோ கேள்வியும் ஆங்கிலமாகிவிட்டது. பிள்ளைக்குச் சுகமாக இருக்கட்டும் என்றுதான்.

அவள் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

"பிறகு என்ன நடந்தது, அப்பா?"

தமிழில் கேட்டாள். நாக்கு தடித்துப்போன மாதிரி இருந்தது.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மகள் தன் வேலையைப் பற்றிக் கேட்கிறாள். நிமிர்ந்து உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். "தி நியூ சூப்பர்வைசர், ஒன் லெக் இன் தி போட்..." சொல் தேடித் தேடி, கையைக் காட்டிக் காட்டி, அந்த மனிதரை ஒருவழியாகக் கடலில் விழுத்தினார்.

அவ்வளவுதான் கதை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அம்மா எழுந்து அடுப்பைத் தணிக்கப் போனாள்.

யாரும் சிரிக்கவில்லை.

தமிழிலேயே சொல்லுங்கோ என்று கேட்டிருக்கலாம்.

"திரும்பச் சொல்லுங்கோ, அப்பா" என்று மட்டும் வந்தது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிள்ளைக்கு விளங்கவில்லைப்போல.

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். முன்னைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஆங்கிலத்தில் மறுபடி தொடங்கினார்.