மீனம்மாவின் கண்

"தகரத்தையும் தாண்டிப் பட்டிருக்குங்க அவ கண்ணு" என்றாள் நாகலெட்சுமி, பால் வாளியைச் சாய்த்துக் காட்டியபடி.

அவள் புருஷன் ஆண்டியப்பன் எட்டிப் பார்த்தார். பாதி வாளிகூட இல்லை.

'அவ' என்றது மீனம்மாவை. ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசையில் இவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. கொழுந்தெடுக்கப் போகிறவள். காலையில் பால் கறந்து முடிக்கும் நேரம் பார்த்துக் கொல்லைப்புறம் வந்து நிற்பாள். தினமும் ஒரே கேள்விதான்.

"இன்னைக்கு எத்தன லீட்டருக்கா?"

நாகலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கோழிகூட வளர்க்காதவளுக்கு அடுத்த வீட்டுப் பால் எவ்வளவு என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அதனால்தான் போன வாரம் புருஷனை நச்சரித்து, இரண்டு கொல்லைக்கும் நடுவே ஆளுயரத்துக்குத் தகரம் அடிக்க வைத்தாள். அன்றிலிருந்துதான் பால் குறைந்தது.

மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டுப் பார்த்தாள். நெடி நன்றாகவே வந்தது. வந்தால் கண்ணூறு இல்லை என்றுதான் அர்த்தம்.

"இது மொளகாய்க்கெல்லாம் அடங்காத கண்ணுங்க" என்று இருமிக்கொண்டே சொன்னாள்.

செவலைப் பசுவோ புல்லுக்கட்டைத் திரும்பியும் பார்க்காமல், தகரத்தையே வெறித்துக்கொண்டு கத்தியது.

"இப்படியே போனா கட்டுப்படியாகாது புள்ள. ஞாயித்துக்கெழம கினிகத்தேனை மாட்டு யாவாரிய வரச் சொல்லியிருக்கேன்" என்றார் ஆண்டியப்பன்.

நாகலெட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. கன்றாக வந்த நாள் முதல் அவள் கையால் வளர்ந்த மாடு அது.

மறுநாள் விடியும்போது, தடால் என்று ஒரு சத்தம். இருவரும் கொல்லைக்கு ஓடினார்கள்.

தகரம் சரிந்து கிடந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு போன செவலை, மீனம்மாவின் பின்வாசலில் ஒரு பேசினுக்குள் முகத்தை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சோற்றுப் பானையோடு மீனம்மா, களவாடும்போது பிடிபட்டவள் மாதிரி நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. வந்து வாசல்ல நின்னுச்சு, மனசு கேக்கல."

"என்னா கொடுத்த அதுக்கு?"

"கஞ்சித்தண்ணிதான். காலையில பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போறதுக்கு முன்ன சோறு வடிப்பேன்ல, அதுல தவுடு கலந்து தெனமும் வைப்பேன். நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள குடிச்சிரும். தகரம் வந்ததுலருந்து வைக்க முடியல."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"கஞ்சி ஊத்துறதையெல்லாம் சொல்லிக்காட்டுவாங்களாக்கா? அது மடியில தெரியுதான்னு பார்க்கத்தான் எத்தன லீட்டருன்னு கேப்பேன்."

நாகலெட்சுமிக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்தாள், சரிந்து கிடந்த தகரத்தைப் பார்த்தாள். பிறகு வெடுக்கென்று புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அறிவுள்ள மனுசன் எவனாவது ரெண்டு வீட்டுக்கு நடுவுல தகரம் அடிப்பானா?"