மாலை போட்ட படம்

பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் பெண்ணைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. பெண்ணின் அம்மாவையும் நிற்கவைத்து, செல்போனைப் புடவைமேல் காட்டுவார்கள். தொடையில் கொழுப்பு திரண்டு தோலில் விழும் செல்லுலைட் குழிகள் இருந்தால், துணியைத் தாண்டித் திரையில் தெரிந்துவிடும். மகளுக்கும் நாளைக்கு இப்படித்தானே விழும் என்று காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள்.

இளவெயினிக்கு வந்த மூன்று வரன்களும் அவள் அம்மா மரகதத்தால்தான் தட்டிப்போயின. மரகதம் தேய்க்காத களிம்பில்லை, ஏறாத டிரெட்மில் இல்லை. "இது நோயே இல்லம்மா. முக்காவாசிப் பொம்பளைங்களுக்கு இருக்கும். முழுசா எதுலயும் போகாது" என்றார் டாக்டர். அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் யார் போய்ச் சொல்வது?

நான்காவது வரன் வருவதற்கு முதல்நாள், இளவெயினி தலை நிமிராமல் கேட்டாள்: "அம்மா தவறிட்டாங்கன்னு சொல்லிடலாமாப்பா?"

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மரகதம்தான் தன் படங்களில் நல்லதாக ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். அதற்கு மாலையையும் அவளே கட்டினாள்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, கேசரி கிளறிய கையோடு மரகதம் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கூடத்தில் பேச்சு நல்லபடியாகவே முடிந்தது.

"எங்களுக்குச் சம்மதம். இன்னைக்கே பூ வச்சிடலாம்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "முதல்ல உங்கம்மா படத்த விழுந்து கும்பிட்டுக்கோம்மா. எங்க இருந்தாலும் ஆசீர்வாதம் பண்ணுவாங்க."

இளவெயினி படத்தின் முன் விழுந்தாள். எழுந்திருக்க வெகுநேரமாயிற்று.

கதவுக்குப் பின்னால் மரகதத்தின் வலது கை தானாக உயர்ந்தது. கேசரி ஒட்டியிருந்த அந்தக் கையை, யாரும் பார்த்துவிடுவதற்குள் அவளே இறக்கிக்கொண்டாள்.