காரணம் எழுதும் கட்டம்

"என் மெஷின்ல ஓடுதே மேடம். பன்னெண்டு வருஷம் வீட்ல இருந்துட்டு வந்தா இப்படித்தான்," என்று டீம் லீட் இளம்பரிதி எல்லோர் காதிலும் விழச் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த வனஜா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கணினியில் மட்டும் சர்வர் எழும்பவில்லை. ஏதோ ஒரு மென்பொருள் பேக்கேஜ் இல்லை என்று சிவப்பில் ஒரே வரி. மூன்று முறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு, என்னென்ன பேக்கேஜ் வேண்டும் என்று டீம் வைத்திருந்த பட்டியலைப் பார்த்து மறுபடி நிறுவியிருந்தாள்.

மதியம் இளம்பரிதியே அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து தேடியபோதுதான் அவனுக்கு விளங்கியது. அந்தப் பேக்கேஜைத் தன் கணினியில் போட்டுக்கொண்ட அன்று பட்டியலில் சேர்க்க மறந்தவன் அவனே. மற்றவர்கள் அவன் கணினியில் இருந்ததை அப்படியே நகலெடுத்துக்கொண்டவர்கள். பட்டியலை நம்பியவள் இவள் ஒருத்திதான்.

பேக்கேஜின் பெயரைப் பட்டியலில் சேர்த்தான். சர்வர் ஓடியது. திருத்தத்துக்குக் காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் திறந்தது. அவன் காது மடல்கள் சுட்டன.

பின்னால் வனஜா நோட்டில் தேதி போட்டாள். "நான் எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுங்க சார். எழுதி வச்சுக்கறேன்."

'சிறு திருத்தம்' என்று அடித்தான். அழித்தான். அவள் பேனாவோடு காத்திருந்தாள்.