இரண்டு கொக்கிகள்

அருவியில் நனைந்த கையோடு அப்பா, அம்மா, மகள் மூவரும், கம்பியில் தொங்கியபடி பள்ளத்தைக் கடக்கும் ஜிப்லைன் மேடைக்கு ஏறி வந்தார்கள். வழிகாட்டி படிவத்தை நீட்டினான்.

"கையெல்லாம் ஈரம். நீங்களே எழுதிடுங்க தம்பி, நான் கையெழுத்து போட்டுடறேன்," என்ற அப்பா, மகளின் பெயரையும் எடையையும் சொன்னார்.

அம்மா காலையிலிருந்தே பேசவில்லை. மலை ஏறிய களைப்பு என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

வழிகாட்டி எழுதிக் கொடுத்துவிட்டுச் சிறுமிக்கு பெல்ட்டை மாட்டினான்.

"அங்கிள், கொக்கி கழண்டுடாதே?"

"ரெண்டு கொக்கி இருக்கும்மா. ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும்."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். படிக்காமல் கையெழுத்துப் போடும் ஆள் இல்லை அவர்.

"பேர் சரி, எடை சரி. ஆமா, பிறந்த தேதி நான் சொல்லவே இல்லையே. எப்படித் தம்பி கரெக்டா எழுதினீங்க?"

வழிகாட்டியின் கை பெல்ட்டிலேயே நின்றது.

"நான்தான் சொன்னேன்," என்றாள் அம்மா, அருவிப் பக்கம் பார்த்தபடி.

"ஓ," என்றவர், 'தந்தை' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

எட்டு வருஷத்துக்கு முன்பு, ஆஸ்பத்திரியில் இந்தச் சிறுமியின் பிறப்புப் படிவத்தில், அதே இடத்தில் கையெழுத்துப் போட்டவன் வழிகாட்டி. அவள் நடக்கப் பழகும் முன்பே வீட்டை விட்டுப் போனவனும் அவன்தான்.

இரண்டு கொக்கிகளையும் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். சிறுமி அவனைத் தாண்டிக் கையாட்டினாள்.

"வரேன்ப்பா."

"போயிட்டு வாம்மா" என்று சொல்ல இரண்டு பேர் வாய் திறந்தார்கள். சத்தம் ஒருவரிடமிருந்துதான் வந்தது.